மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரியில் ஏன் வேகிறது?

கேள்வி இதுதான்: மதுரையில் மேல் தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள், தலைக்கு மேலே மொட்டை மாடிதான். சித்திரை வெயிலில் பகலைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். ராத்திரி 8 மணிக்கு மேல், வெளியே காற்று கொஞ்சம் தணிந்த பிறகும், அறைக்குள் வேகிறது. ஃபேன் போட்டால் அனல் இறங்குகிறது. வீட்டில் 70 வயதைத் தாண்டிய அம்மா இருக்கிறார். ஏன் இப்படி ஆகிறது, ஏசி வாங்காமல் என்ன செய்யலாம்?

மதியம் உங்கள் மாடியில் விழுந்த வெயில்தான் ராத்திரி 7, 8 மணிக்குச் சீலிங் வழியாக வந்து சேர்கிறது. நடுவில் இருக்கும் ஐந்தாறு மணி நேரமும் அது கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இது புரிந்துவிட்டால், எங்கே கை வைக்க வேண்டும், எந்தச் செலவு வீண் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். மே, ஜூனிலும் உச்சியிலிருந்து 10, 13 டிகிரிதான் விலகும். ஆகவே கோடையில் நம் ஊர் வீடுகளில் அதிக வெயிலை வாங்குவது சுவர் அல்ல, மாடி. மேகமில்லாத நாளில் உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. பத்துக்குப் பத்து அறையின் மாடி என்றால் 9 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 9000 வாட். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் ஒன்று 1000 வாட். ஒன்பது அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்துவைத்த அளவு வெப்பம் அந்த ஒரு அறைக்கு மேலே விழுகிறது.

அத்தனையும் உள்ளே வருவதில்லை. பழுப்பேறிய சிமென்ட் தரையும் செம்மண் நிறத் தட்டோடும் (மாடியில் பதிக்கும் தட்டையான ஓடு) விழும் வெயிலில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60, 70 சதவீதத்தை, உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உறிஞ்சியதிலும் பெரும்பகுதி மேலே வீசும் காற்றுக்கும் வானத்துக்கும் போய்விடுகிறது. அப்படிப் போனதுபோக நிற்கும் சூட்டிலேயே மாடித் தரை 55, 60 டிகிரி வரை ஏறுகிறது. வெறுங்காலோடு துணி காயப்போடப் போனவர்களுக்குத் தெரியும். மேற்பரப்பு 60 டிகிரி, கீழே சீலிங் 32 டிகிரி என்றால் நடுவில் வெப்பம் இறங்கித்தான் ஆக வேண்டும். பொருள் நகராமல் அதன் வழியே வெப்பம் மட்டும் நகர்வது வெப்பக் கடத்தல்.

கான்கிரீட் நல்ல கடத்தியும் இல்லை, நல்ல தடுப்பும் இல்லை. அதோடு ரொம்பக் கனமானது. ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ. உங்கள் பத்துக்குப் பத்து அறைக்கு மேலே மட்டும் முக்கால் யானை எடை, கிட்டத்தட்ட 2.8 டன் கான்கிரீட் படுத்திருக்கிறது. அத்தனை எடையும் ஒரு டிகிரி சூடேறவே நிறைய வெப்பம் வேண்டும். அதனால்தான் மேலே 1, 2 மணிக்கு உச்சத்தைத் தொடும் சூடு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட சுருக்கித் தளம், அதன்மேல் தட்டோடு, அடியில் கான்கிரீட் என்று எல்லாவற்றையும் கடந்து கீழ்ப்பக்கத்தில் உச்சத்தைத் தொட மாலை 6, 7, சில வீடுகளில் 8 மணி ஆகிவிடுகிறது. சுருக்கி போடாத வெறும் ஐந்து அங்குலத் தளம் என்றால் மூன்றரை மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மாலை 5 மணிக்கே சீலிங் காயத் தொடங்கியிருக்கும்.

தகரக் கொட்டகையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். தகடு மெல்லியது, எடையே இல்லை. வெயில் பட்ட சில நிமிடங்களில் உள்ளே உட்கார முடியாது. சூரியன் மறைந்த அரை மணியில் அது வெளிக்காற்றின் சூட்டுக்கே வந்துவிடும். பகலில் கொடுமை, ராத்திரியில் தேவலை. கான்கிரீட்டோ அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் காயும் இரும்புத் தோசைக்கல். பகல் முழுக்க வாங்கிச் சேர்த்ததை, நீங்கள் படுக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறது.

எவ்வளவு சேர்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். அந்த 2.8 டன் கான்கிரீட் முழுவதும் சராசரியாக 10 டிகிரி சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அடங்கியிருக்கும் வெப்பம் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் ஹீட்டர் ஒன்று 7 மணி நேரம் ஓடினால் வரும் வெப்பம். இதில் ஒரு பங்கு மேலே வானத்துக்குப் போகிறது, இன்னொரு பங்கு அறைக்குள் இறங்குகிறது.

அறைக்குள் அது எப்படி இறங்குகிறது என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சீலிங் சூடாகி, அது காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்று நம்மைச் சுடுகிறது என்று நினைக்கிறோம். சூடான காற்று லேசானது, மேலேதான் நிற்கும். சீலிங்கை ஒட்டிச் சூடான காற்று அங்கேயே தேங்கி நிற்குமே தவிர தானாகக் கீழே வராது. கீழிருந்து சூடேற்றினால் பானைத் தண்ணீர் புரளும், அது வெப்பச் சலனம். மேலிருந்து சூடேற்றினால் புரளாது. ஆக, சீலிங்கிலிருந்து உங்கள் மேல் இறங்குவதில் பெரும்பகுதி கதிர்வீச்சு. சூடான எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நேராக வந்து படும். 30 டிகிரியில் இருந்த சீலிங் 40 டிகிரி ஆனால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 60 வாட் கூடுதலாக இறங்கும். உங்கள் அறைக்கு மொத்தம் 500 வாட்டைத் தாண்டும். ராத்திரி முழுக்க ஒரு அரை கிலோவாட் ஹீட்டரைச் சீலிங்கில் மாட்டிவைத்துப் படுப்பதற்குச் சமம்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால், ராத்திரி 8 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு மல்லாந்து படுங்கள். முகத்துக்கு ஓர் அடி மேலே பெரிய அட்டை ஒன்றைக் குடை மாதிரி பிடியுங்கள். சில நொடிகளில் முகத்தில் பட்ட அந்தக் காந்தல் குறையும். எடுத்தால் திரும்ப வரும். அறைக் காற்றின் வெப்பம் அந்தச் சில நொடிகளில் மாறியிருக்க வழியில்லை. மாறியது கதிர் மட்டுமே.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. அது வாங்கும் மின்சாரமும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. பழைய ஃபேன் என்றால் 70 வாட்டுக்கு மேல். ஃபேனால் கிடைக்கும் நன்மை நம் உடலின் மேல்தான். சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் 70, 80 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, அதை வெளியே தள்ளியாக வேண்டும். தோலின் வெப்பம் 34 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் ஃபேன் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். காற்று அதைவிடச் சூடாக இருந்தால் வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி. அதை ஃபேன் வேகப்படுத்தும். ஆனால் சீலிங் ஃபேன் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். தேங்கி நிற்கும் அந்தச் சூடான காற்றுப் படலத்துக்கு வெகு அருகில். சுற்றத் தொடங்கியதும் அதைத்தான் முதலில் கீழே இறக்குகிறது. உங்களுக்கு அனல் அடிப்பதன் காரணம் அதுவே. கதிரை ஃபேனால் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கும் டேபிள் ஃபேன், ராத்திரியில் சீலிங் ஃபேனைவிட உதவும் என்று சொல்வேன். வெளியே தணிந்திருக்கும் காற்றை அது உள்ளே இழுக்கும்.

பொதுவாக ஆட்கள் ராத்திரி அறைக்குள் நின்று சூட்டோடு சண்டை போடுகிறார்கள். அப்போது வெப்பம் ஏற்கெனவே தளத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன், மாடியின் மேற்பரப்பிலேயே தடுப்பதுதான் மலிவு.

முதல் வேலை, வெள்ளை அடிப்பது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தரை வெயிலில் 20, 30 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும். 65 எங்கே, 25 எங்கே! இதைவிடக் குறைந்த காசில் இவ்வளவு பலன் தரும் வேலை வீட்டில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாதாரணச் சுண்ணாம்போடு கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடித்தாலே போதும். கடையில் விற்கும் கூலிங் பெயின்ட் அதே வேலையை இன்னும் சில வருஷங்கள் நீடிக்கும்படி செய்கிறது, மழைக்கு உரியாது. இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு: தூசி படிந்தால் பலன் போய்விடும். மதுரைப் புழுதியில் மாதம் ஒருமுறையாவது கூட்டிக் கழுவிவிட வேண்டும். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிக் கரைக்கும்போதும் அடிக்கும்போதும் கண்ணில் படாமல் பாருங்கள், அது பார்வையையே பாதிக்கக்கூடியது. தெலங்கானா அரசு 2023-ல் கூரைகளைக் குளிர்விப்பதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு 2013-ல் போட்ட வெப்பச் செயல்திட்டத்தைத் தொடர்ந்து, குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் நடந்தது. அதற்கெல்லாம் அடிப்படை இந்த எளிய கணக்குதான்.

இரண்டாவது, நிழல். கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ மாடியிலிருந்து ஓரிரு அடி உயரத்தில், அடியில் காற்று போய்வரும்படி கட்டினால் வெயில் அந்தக் கீற்றோடு நின்றுவிடும். சூடான கீற்றின் வெப்பத்தைக் காற்று கொண்டுபோகும். வலையைத் தரையோடு ஒட்டி விரித்தால் பாதிப் பலன் போய்விடும், வலையின் சூடு நேராகத் தளத்துக்குள் கடத்தப்படும். அந்த இடைவெளிதான் முக்கியம். தென்னந்தட்டியை அப்படியே மாடியில் பரப்புகிறவர்களும் உண்டு. காய்ந்த ஓலைக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அதுவும் ஓரளவு தடுக்கும். ஆனால் எலி, பூரான், தீப்பொறி என்று கவலைகள் சேரும்.

மூன்றாவது, தண்ணீர். இதைப் பற்றி இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகிறார்கள். 'தண்ணி தெளிச்சா போதும்' என்பார்கள், 'தெளிச்சா புழுக்கம்தான் கூடும்' என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மூன்றில் இரண்டு பங்கு யூனிட் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் மேலே கணக்குப் போட்ட 7 யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பத்து, பதினொரு லிட்டர் போதும், ஒரு பக்கெட்டுக்குள் அடங்கிவிடும். நடைமுறையில் ஆவியாவதற்கான வெப்பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் வரும் என்பதால் இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடம் குடமாக ஊற்றி வடிகுழாயில் ஓடவிட்டால் அத்தனையும் வீண். ஓடிப்போன தண்ணீர் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆவியாக வேண்டும். பழைய சணல் சாக்கை விரித்து, மாலை 4.30, 5 மணிக்கு நனைத்துவிட்டு, காய்ந்ததும் இன்னொரு முறை நனைப்பது சரியான முறை. தளத்தின் நடுவில் இருக்கும் சூடு எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் போகும். மேலே குளிர்ந்தால் கீழே இறங்க வேண்டியதில் ஒரு பங்கு மேலே திரும்பிவிடும். ராத்திரி 9 மணிக்கு ஊற்றினால் பாதி ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். உச்சி வெயிலில் கொதிக்கும் ஓட்டின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், ஓட்டின் இணைப்புகளில் விரிசல் விடும். தளத்தில் ஏற்கெனவே கசிவு இருந்தால் இந்த வேலையே வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

மதுரை, திருச்சி மாதிரி உள்நாட்டு ஊர்களில் கோடைக் காற்று வறண்டது, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றே ஈரத்தோடு இருப்பதால் இதே சாக்கு அவ்வளவு பலன் தராது. ஏர் கூலருக்கும் இதே விதிதான். உங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் உதவும், அடைத்துவைத்து ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறை ஈரம் ஏறிப் புழுங்கும். கடலோரத்துக்காரர்களுக்கு அதற்கு ஈடாக மதியத்துக்கு மேல் கடற்காற்று கிடைக்கிறது. ராத்திரியில் தெளிந்த, வறண்ட வானத்துக்கு மாடி தன் வெப்பத்தைக் கதிராகவே இழக்கும் வசதியும் உங்களுக்கு அதிகம். அதனால்தான் பாய் விரித்து மொட்டை மாடியில் படுத்தால் நடுராத்திரிக்கு மேல் குளிர்கிறது. மாடியில் வலை கட்டினால் ராத்திரியில் அதைச் சுருட்டிவையுங்கள், தளம் வானத்தைப் பார்க்கட்டும்.

சொந்த வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது தளத்தின் மேலே தடுப்புப் பலகை. தெர்மகோல் வகைப் பொருள்கள் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்கைத்தான் கடத்தும். இரண்டு அங்குலப் பலகை இரண்டு மீட்டர் கனமான கான்கிரீட்டுக்குச் சமம். மேலே போட்டு அதன்மேல் காரை பூசினால் கான்கிரீட்டே சூடேறாது. அதே பலகையை அறைக்குள் சீலிங்கில் ஒட்டினால் தளம் வழக்கம்போலக் காயும், அறைக்கு மட்டும் மறைப்பு கிடைக்கும். மேலே போடுவதே சிறந்தது. அறைக்குள் வெறும் தெர்மகோலை ஒட்டுவதை நான் வலுவாக எதிர்க்கிறேன். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அந்தப் புகை மூச்சை அடைக்கும். ஃபால்ஸ் சீலிங் ஓரளவு உதவும், தளத்தின் கதிர் நேராக உங்கள்மேல் படாமல் நடுவில் ஒரு திரை விழுகிறது. அதன் மேற்புறம் பளபளப்பான அலுமினியத் தாள் இருந்தால் பலன் கூடும், ஏனென்றால் பளபளக்கும் உலோகம் கதிரை வாங்குவதும் விடுவதும் மிகக் குறைவு. அந்தத் தாளுக்கு முன் காற்று இடைவெளி இருக்க வேண்டும். எதனோடாவது ஒட்டிவிட்டால் அது சாதாரணக் கடத்திதான்.

உங்கள் மேற்குச் சுவரையும் மறக்காதீர்கள். மாலை 3, 4 மணிச் சாய்ந்த வெயில் நேராக அதன்மேல் விழும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைச் சூடு கடக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மணி வெயில் 11 மணிக்கு உள்ளே வரும். பலருக்கு நடுராத்திரியில் திடீரென்று விழிப்பு வருவதற்கு இந்தச் சுவர் காரணமாக இருக்கலாம். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் இன்றே நகர்த்துங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு மூங்கில் தட்டி கட்டினாலும் நல்லது. திரைச்சீலையை ஜன்னலுக்கு உள்ளே போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது எப்போதும் மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரைச்சீலையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்கு ஒரே விதி: வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்போது. காலை 9, 10 மணிக்கு மேல் மூடிவிடுங்கள். மாலை 6, 7 மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். சூடான காற்று வெளியேற, ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். பழைய வீடுகளில் சீலிங்குக்குக் கொஞ்சம் கீழே வென்டிலேட்டர் வைத்தது இதற்காகவே. பல வீடுகளில் அதைக் கொசுவுக்காகவும் தூசிக்காகவும் அட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

ஏசி வாங்கினாலும் இதெல்லாம் வேண்டும். மேல் தளத்தில் ஏசியை 24-ல் வைத்தும் வேர்க்கிறது என்பவர்கள் காற்றைக் குளிர்வித்துவிட்டு 38 டிகிரி சீலிங்குக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். காற்று பத்து நிமிடத்தில் குளிரும், கான்கிரீட் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அதுதான். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். ராத்திரியும் உடல் ஆறவில்லை என்றால் அடுத்த நாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறையும். அறைக் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடலை இன்னும் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார அமைப்பே எச்சரிக்கிறது. அவர் கட்டிலில் கொசுவலைக் கம்பி இருந்தால் அதன் மேற்பக்கத்தில் மட்டும் கனமான வெள்ளைப் பருத்தித் துணியை விதானம்போல விரியுங்கள். சீலிங்கின் கதிர் அந்தத் துணியில் நின்றுவிடும், துணியோ அறைக் காற்றின் சூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பக்கவாட்டிலிருந்து டேபிள் ஃபேன் வையுங்கள். ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு ஃபேன் முன்னால் உட்காரவைத்தால் வராத வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும். கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர் என்றால் எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, தோல் கொதித்தும் வியர்க்காமல் இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

வாடகை வீடு என்பதால் ஓனரிடம் கேட்கத் தயங்குவீர்கள். வெள்ளை அடிக்கும் செலவு பெரிதல்ல, வெயிலில் விரிந்து சுருங்குவது குறைவதால் தளத்தின் விரிசலும் குறையும் என்று எடுத்துச் சொல்லுங்கள், அது அவருக்கும் லாபம். இந்த வருஷமே அடிப்பதானால் மாடியைக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, வெயில் இறங்கிய பிறகு மாலையில் அடிக்கச் சொல்லுங்கள். கொதிக்கும் தரையில் அடித்தால் பிடிக்காமல் பொடியாக உதிர்ந்துவிடும். அடுத்த வருஷத்துக்கு என்றால் மாசி முடிவதற்குள் முடித்துவிடுவது நல்லது. தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருந்தால் அதற்கும் வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள், ராத்திரி 9 மணிக்குக் குழாயில் வரும் வெந்நீரும் குறையும்.